மைனஸ் 25-லும் பிளஸ் 40-லும் வெளியே நிற்கும் பூச்சியுண்ணிகள்: சரசீனியா, வீனஸ், ட்ரோசெரா

#1 தாழையூற்று (ஒட்டாவா) · 9 அக்டோபர்

கையில் இருப்பவை: பூச்சி விழும் குடுவை இலை விடும் சரசீனியா மூன்று (பர்ப்யூரியா, ஃப்ளாவா, பெயர் தெரியாத கலப்பினம் ஒன்று), வாய் போல மூடும் இலையுள்ள வீனஸ் ஃப்ளை ட்ராப் நான்கு, ஒட்டும் இலையுள்ள ட்ரோசெரா ஃபிலிஃபார்மிஸ் ஒரு தொட்டி. எல்லாமே 10 முதல் 15 செ.மீ. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள். மர டெக் மேல் தட்டுத் தண்ணீரில் நிற்கின்றன. இங்கே ஜனவரியில் மைனஸ் 25 வரும், ஜூலையில் 33, 34 அடிக்கும். குளிருக்கு வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்துவிடலாமா? தரையில் சதுப்புப் பாத்தி போட்டால் தொல்லை ஒழியும் என்கிறார்கள். இப்போதே வெட்டி நட்டுவிடலாமா?

#2 சேற்றுக்கால் · 9 அக்டோபர்

இரண்டுக்குமே வேண்டாம் என்பதுதான் பதில்.

வீட்டுக்குள் 21 டிகிரியில் வைத்தால் செடி உறங்காது. இவை மூன்றுக்கும் ஆண்டுக்கு மூன்று, நான்கு மாதம் 10 டிகிரிக்குக் கீழே கிடந்தாக வேண்டும். மங்கிய ஜன்னல் வெளிச்சத்தில் வெளிறிய நீட்டு இலைகளாக விட்டு, கிழங்கில் சேர்த்ததைத் தின்று தீர்த்துவிடும். முதல் வருஷம் தப்பும், இரண்டாவது வருஷம் இளைக்கும், பிறகு போய்விடும். நிறைய பேர் "வீனஸ் ரெண்டு வருஷச் செடிதான்" என்று நம்பிக்கொண்டிருப்பது இதனால்தான்.

பாத்திக்கு இது காலமில்லை. மண் உறைவதற்கு முன் வேர் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். உங்கள் ஊரில் ஆகஸ்ட் கடைசிதான் எல்லை. அக்டோபரில் நட்டால், உறைந்து இளகும் மண் செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கும். மார்ச்சில் கிழங்கு பல்லிளித்துக்கொண்டு வெளியே கிடக்கும். பாத்தியை மே மாதம் போடுங்கள்.

எதை எதிர்த்துப் போராடுகிறோம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பர்ப்யூரியாவின் வட துணையினம் உங்கள் ஊர்க்காரச் செடி. ஒட்டாவாவுக்குக் கிழக்கே மெர் ப்ளூ சதுப்பில் தானாக வளர்கிறது. அங்கேயும் காற்று மைனஸ் 25-தான். ஆனால் பாசிக்குள், பனிப்போர்வைக்குக் கீழே வேர் இருக்கும் இடம் பூஜ்ஜியத்துக்குச் சற்றே கீழேதான் போகும். டெக் மேல் 10 செ.மீ. தொட்டிக்கு அந்தக் காப்பு கிடையாது. நான்கு பக்கமும் அடியிலும் காற்று. ஒரே இரவில் வேரும் மைனஸ் 25 ஆகிவிடும். ஜூலையில் அதே தொட்டி வெயிலில் காய்ந்து உள்ளே 45 டிகிரியைத் தாண்டும். குளிர்காலச் சாவும் கோடைச் சாவும் ஒரே நோய். வேரைச் சுற்றிப் போதிய மண் இல்லை, அவ்வளவுதான்.

#3 பனிக்கூதல் (ஸ்கார்பரோ) · 10 அக்டோபர்

இந்த விண்டருக்கு மட்டும் என்ன செய்யிறது எண்டு சொல்லுறன்.

வீட்டோட ஒட்டின, ஹீட்டர் இல்லாத கராஜ் இருந்தால் அதுதான் நல்லது. நவம்பர் நடுவில, இரவில மைனஸ் 4, 5 தொடர்ந்து வரத் தொடங்கினாப் பிறகு உள்ளுக்கு வையுங்கோ. அதுக்கு முன்னம் வேண்டாம். ரெண்டு மூண்டு மெல்லிய உறைபனி பட்டால்தான் செடி ஒழுங்கா உறங்கும். கராஜ் மைனஸ் 3-க்கும் பிளஸ் 5-க்கும் இடையில நிண்டால் போதும். கூடின, குறைஞ்ச வெப்பத்தைப் பதியிற தெர்மாமீட்டர் ஒண்டை சாடிக்குப் பக்கத்தில விடுங்கோ, கதவுக்கு மேல தொங்கவிட்டால் பிழையான எண் காட்டும். அதுக்கும் கீழ போகுதெண்டால் சாடிகளை நெருக்கி தெர்மகோல் பெட்டிக்குள்ள இறக்குங்கோ.

முழு உறக்கத்தில வெளிச்சம் தேவையில்லை. தட்டில தண்ணி நிக்கக் கூடாது, மண் ஈரமா இருந்தால் காணும். மூண்டு கிழமைக்கு ஒருக்கால் விரலை வைச்சுப் பாருங்கோ. கராஜில சாகிற செடியில கனக்க குளிரில சாகிறேல்ல, மறந்துபோய்க் காய விட்டுத்தான் சாகுது.

வீனஸை ஃபிரிட்ஜிலயும் வைக்கலாம். மண்ணை உதறி, கறுத்த இலையெல்லாம் வெட்டி, கந்தகப் பூஞ்சைக்கொல்லி தெளிச்சு, பிழிஞ்ச ஸ்பேக்னம் பாசியில வேரைச் சுத்தி சிப் பையில போட்டு, 1 முதல் 4 டிகிரி தட்டில. ஃபிரீசரில இல்லை! மாசம் ஒருக்கால் திறந்து பூஞ்சணம் பாருங்கோ. பாசியை அழுத்தினால் தண்ணி சொட்டக் கூடாது. சொட்டுற ஈரத்தில வைச்சால் நடுக்குருத்து அழுகும்.

ஃபிலிஃபார்மிஸ் இலை எல்லாம் கருகி, நடுவில மயிர் அடர்ந்த ஒரு சின்ன முடிச்சாச் சுருங்கும். செத்துப்போச்சு எண்டு எறிஞ்சு போடாதேங்கோ. அதுதான் குளிர்மொட்டு.

#4 தாழையூற்று · 10 அக்டோபர்

கராஜ் இருக்கிறது. மிக்க நன்றி. மே மாதப் பாத்திக்கு அளவும் பொருளும் சொன்னால் இப்போதே சேர்க்க ஆரம்பிப்பேன். பீட் மாஸுக்கு (சதுப்பில் மட்கிய பாசி) பதில் தென்னைநார்க் கழிவு போடலாமா? குழாய்த் தண்ணீர் ஆகுமா?

#5 சேற்றுக்கால் · 11 அக்டோபர்

120 × 90 செ.மீ., ஆழம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 432 லிட்டர். இதைவிடச் சிறிதாகப் போட்டால் செலவு பெரிதாகக் குறையாது. வெப்பத்தைத் தாங்கும் பலம் மட்டும் குறையும். ஆழத்தை 30-க்குக் கீழே இறக்கவே இறக்காதீர்கள்.

கலவை மூன்று பங்கு பீட், ஒரு பங்கு சிலிக்கா மணல். 107 லிட்டர் என்று அச்சிட்ட அழுத்திய பீட் பொதி பிரித்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆக இரண்டு பொதி. நனைந்தபின் கொஞ்சம் அமுங்கும், அதற்காக மூன்றாவது பொதி ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். மணல் 110 லிட்டர், கிட்டத்தட்ட 175 கிலோ. பெர்லைட் தொட்டிக்குச் சரி. வெளிப் பாத்தியில் ஒவ்வொரு உறைபனிக்கும் மிதந்து மேலே வந்து, வசந்தத்தில் பாத்தி பொரி கொட்டியது போலக் கிடக்கும். பொதியின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உரம் சேர்த்தது, சுண்ணாம்பு சேர்த்தது இரண்டும் வேண்டாம்.

குழியின் கல், வேர்முனை எல்லாம் பொறுக்கி, அடியிலும் பக்கத்திலும் பழைய கம்பளம் விரித்து, அதன்மேல் குளத்துக்குப் போடும் இ.பி.டி.எம். ரப்பர் ஷீட். ஷீட் அளவு: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கையும் ஓரத்துக்கு 60 செ.மீ.யையும் கூட்டுங்கள். இந்தக் குழிக்கு 260 × 230 செ.மீ.

எல்லாரும் தப்பு செய்யும் இடம் ஓட்டை. அடியில் போட்டால் கோடையில் பாத்தி வறண்டுவிடும். போடாமலே விட்டால் கனமழையில் கிழங்கு மூழ்கி, அப்படியே உறைந்து அழுகும். ஏரிக்குக் கலிங்கு வைப்பதுபோல, மண் மட்டத்திலிருந்து 8 செ.மீ. கீழே, பக்கச் சுவரில் விரல் பருமனுக்கு ஏழெட்டுத் துளை. அதற்குக் கீழே 32 செ.மீ. நீர்ச் சேமிப்பு, மேலே 8 செ.மீ. காற்றோட்டம்.

காய்ந்த பீட்டை அப்படியே குழியில் கொட்டித் தண்ணீர் விட்டால் ஒரு வாரம் ஆனாலும் நடுவில் தூளாகவே இருக்கும். தள்ளுவண்டியில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மணலோடு சேர்த்துப் புட்டுமாவு பிசைகிற மாதிரி பிசையுங்கள். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், அழுத்தினால் இரண்டு சொட்டு விழ வேண்டும். அந்தப் பதம் வந்தபின் குழிக்குள் போடுங்கள். ஒரு மூலையில் 10 செ.மீ. பி.வி.சி. குழாயை, கீழ்ப்பாதியில் துளையிட்டு, அடிவரை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றவும், உள்ளே நீர் மட்டம் எவ்வளவு என்று குச்சி விட்டுப் பார்க்கவும் அதுதான் வழி. இரண்டு வாரம் மண் அமுங்கிய பிறகு நடுங்கள்.

இதையே மரப்பெட்டியாகக் கட்டி டெக் மேல் வைக்கலாம் என்று தோன்றும். நனைந்தபின் அரை டன்னைத் தாண்டும். தவிர, தரைக்கு மேலே எழுப்பினால் மறுபடியும் பெரிய தொட்டிதான், பக்கவாட்டில் உறையும்.

#6 உப்புமானி · 11 அக்டோபர்

தண்ணீர், தென்னைநார் இரண்டுக்கும் என் பங்கு.

டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு மி.கி.) 50-க்குக் கீழே நிம்மதி. 100 வரை சமாளிக்கலாம். அதற்கு மேலே இந்தச் செடிகளின் வேர் தாங்காது. ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்துத் தரும் டொராண்டோ குழாயில் கடினத்தன்மையே லிட்டருக்கு 120 மி.கி. அளவில் இருக்கிறது, அது தள்ளுபடி. ஒட்டாவாவில் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். மென்னீர்ப்படுத்தி வழியாக வருவது இன்னும் மோசம், கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைப் போடுகிறது.

120 × 90 பாத்தி 1.08 சதுர மீட்டர். வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில் 7 மி.மீ. ஆவியானால் ஏறக்குறைய 7.5 லிட்டர் போகும். அதை 200 டி.டி.எஸ். தண்ணீரால் ஈடுகட்டினால் நாளுக்கு 1.5 கிராம் உப்பு, மாதத்துக்கு 45 கிராம். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு போகாது. முதல் மாதம் ஒன்றும் தெரியாது. ஆகஸ்ட்டில் இலை நுனி கருகத் தொடங்கும்போது எல்லாரும் வெயிலைத் திட்டுவார்கள்.

மழைநீர் பீப்பாய் 200 லிட்டர் ஒன்று, மழையே இல்லாமல் 26 நாள் தாங்கும். 10 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர். பாசி பிடிக்காமல் இருக்கக் கூரை உச்சியில் துத்தநாகம், செம்புப் பட்டை அடித்திருந்தால் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் டி.டி.எஸ்.ஸில் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே செம்புச் சுருள். அவசரத்துக்குச் சரி, அன்றாடத்துக்கு வேண்டாம். பீப்பாயும் தீர்ந்து பாத்தி காய்கிறது என்றால் குழாய்த் தண்ணீரையே ஊற்றுங்கள். ஒரு வாரக் குழாய்த் தண்ணீரில் சாகாது, ஒரு நாள் வறட்சியில் சாகும். அடுத்த மழையில் மேலிருந்து நன்றாக அலசிவிட்டால் போதும்.

தென்னைநார்: பொள்ளாச்சியில் கழுவி வருகிற "லோ ஈ.சி." ரகம் 0.5-க்குக் கீழே என்கிறார்கள் (ஈ.சி. என்பது மின்கடத்துதிறன், உப்பு ஏற ஏற அந்த எண்ணும் ஏறும்). தக்காளிக்கு அது தங்கம். ஆனால் 0.5 ஈ.சி. என்பதே 250 டி.டி.எஸ். பக்கம். நாம் வீட்டில் மூன்று தண்ணீர் அலசினாலும் தளர்ந்த உப்புதான் போகும். நாரோடு ஒட்டியிருக்கும் சோடியம், பொட்டாசியம் மாதக்கணக்கில் மெல்லக் கசியும். பீட் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு இந்த வம்பு எதற்கு?

மணல் சோதனை: ஒரு தேக்கரண்டி மணல், மேலே வெள்ளை வினிகர். நுரைத்தால் உள்ளே சுண்ணாம்பு, திருப்பிக் கொடுங்கள். குழந்தைகள் விளையாடும் மணல் மூட்டைகள் பலவும் இங்கேதான் மாட்டும்.

#7 வெக்கை (டல்லாஸ்) · 14 அக்டோபர்

எங்க பக்கம் கதை தலைகீழ். ஜூலை, ஆகஸ்ட்ல 38 முதல் 41, அதுவும் வறண்ட காத்து. குளிர் ரெண்டு மாசம்தான், ஆனா அது எப்ப அடிக்கும்னு சொல்ல முடியாது. தரையில பாத்தி போட இடமில்லாதவங்களுக்காகச் சொல்றேன்.

கறுப்புத் தொட்டியைத் தூக்கிப் போடுங்க. வெள்ளை, குறைஞ்சது 20 லிட்டர். சின்னத் தொட்டிதான் இருக்குன்னா அதைவிடப் பெரிய வெள்ளைத் தொட்டிக்குள்ள இறக்கி இடைவெளியில ஸ்பேக்னம் அடைச்சுடுங்க. தொட்டிகளை ஒட்டி ஒட்டி வைங்க, மேற்குப் பக்கம் நிக்கிறது பெரிய சரசீனியாவா இருக்கட்டும், அது மத்ததுக்கு நிழல். பகல் 1 மணிக்கு மேல 30 சதவீத நிழல்வலை, 37 தாண்டுற வாரங்கள்ல மட்டும். வருஷம் பூரா வலை போட்டா குடுவை நிமிராம சாயும், நிறமும் வராது.

தட்டுல 5 செ.மீ. தண்ணி நிரப்பிட்டு ஊருக்குப் போற பழக்கம் இங்க ஆகாது. அந்தத் தண்ணி சாயங்காலம் தொட்டா கை சுடும். சூடான, காத்தில்லாத தண்ணியில பீட் அழுகிப் போகும், தொட்டியைத் தூக்கினா அழுகின முட்டை நாத்தம் வரும். வீனஸ் அதுலதான் முதல்ல போகும். தட்டுல ஒண்ணரை, ரெண்டு செ.மீ. போதும். விடிகாலையில மேலிருந்து ஊத்தி, பழைய தட்டுத் தண்ணியை வெளியேத்திடுங்க. வேருக்குக் காத்தும் போகும், உப்பும் கழுவிப் போகும்.

குடுவை வாய் ஓரம் காய்ஞ்சு சுருண்டா பதறாதீங்க, அது வறட்டுக் காத்து. கிழங்கு கெட்டியா இருந்தா செடி நல்லா இருக்கு. ஜூலையில வீனஸ் வாய் சின்னதாகும், ஃப்ளாவா குடுவை மங்கிடும். சரசீனியாவுல லியூகோஃபில்லா மட்டும் ஆகஸ்ட் கடைசியில இருந்து அழகான வெள்ளைக் குடுவை விடும். வெயிலுக்கு அலாட்டா சரசீனியாவை மிஞ்ச ஆள் இல்ல, டெக்சாஸ் தென்கிழக்குல பிக் திக்கெட் காட்டுலயே தானா வளருது.

புதுசா வாங்கின செடியை நேரா வெயில்ல வைக்காதீங்க. கடைக் கண்ணாடிப் பெட்டியில வளர்ந்த இலை ரெண்டே நாள்ல வெளுத்துடும். முதல் வாரம் காலை வெயில் ரெண்டு மணி நேரம், ரெண்டாவது வாரம் நாலு, அப்புறம் முழுசு.

#8 பனிக்கூதல் · 14 அக்டோபர்

> குளிர் ரெண்டு மாசம்தான், ஆனா அது எப்ப அடிக்கும்னு சொல்ல முடியாது

2021 பெப்ரவரியில டல்லாஸ் மைனஸ் 19-க்குப் போனதே. அப்பிடி வந்தால் சாடியில நிக்கிறதை என்ன செய்வியள்?

#9 வெக்கை · 15 அக்டோபர்

முன்னெச்சரிக்கை வந்த அன்னைக்கே நல்லா தண்ணி ஊத்தணும். ஈரமான மண் மெதுவாத்தான் உறையும், காய்ஞ்ச மண் சட்டுனு உறையும். ஸ்டாண்டுல இருந்து இறக்கி, வீட்டுச் சுவரை ஒட்டித் தரையில நெருக்கி வைங்க. மேல தோட்டக் கடையில விக்கிற வெள்ளைப் பனித்துணி ரெண்டு மடிப்பு, அதுக்கு மேல தார்ப்பாய், ஓரமெல்லாம் செங்கல். வெயில் வந்ததும் தார்ப்பாயை எடுத்துடணும், துணி இருக்கலாம். ஜனவரியில 24 டிகிரி அடிச்சு ஏமாந்து பூ மொட்டு விட்டிருந்தா அந்த மொட்டு போகும். கிழங்கு திரும்பத் தளிர் விடும்.

தெளிவான பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். பகல்ல உள்ள 25 டிகிரி, ராத்திரி மைனஸ் 10. செடி முழிக்கும், உறையும், முழிக்கும், உறையும். ஒரே சீரான மைனஸ் 8-ஐ விட இது கொடுமை.

#10 சேற்றுக்கால் · 15 அக்டோபர்

பிளாஸ்டிக் பற்றிச் சொன்னது வடக்குக்கும் பொருந்தும். பாத்திக்கு மூடாக்கு போடுவதையும் சேர்த்துவிடுகிறேன்.

பைன் ஊசியிலை 15 முதல் 20 செ.மீ. உயரம், மேலே சாக்கு, சுற்றிலும் கல். மேப்பிள் இலையை வாரிக் கொட்டாதீர்கள். ஈரத்தில் தோசை போல ஒட்டி, காற்று புகாமல், அடியில் பூஞ்சணம் ஊறும். ஓக் இலைதான் இருக்கிறது என்றால் பையில் அடைத்து, பையையே போர்வையாகப் போடுங்கள்.

எப்போது? மண்ணின் மேல் 2, 3 செ.மீ. உறைந்தபின். ஒட்டாவாவில் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரம். முன்னதாகப் போட்டால் எலி குடியேறும், செடியும் கதகதப்பில் அழுகும். மூடாக்கு சூடு தருவதற்கு இல்லை, உறைந்ததை உறைந்தபடியே வைத்திருப்பதற்கு. வேர் உறைந்திருக்கும்போது இலை மேல் வெயிலும் வறண்ட காற்றும் பட்டால், போகும் ஈரத்தை ஈடுகட்ட வழியில்லை. குளிரில் செத்ததாக நினைக்கும் செடிகளில் பெரும்பாலானவை இப்படிக் காய்ந்து செத்தவை. பனி கொட்டினால் அள்ளி மேலே போடுங்கள், உப்பு தூவிய நடைபாதைப் பனியை அல்ல.

எடுப்பது மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் பாதி. ஒரே நாளில் உரிக்க வேண்டாம், இரண்டு தடவையாக.

#11 தாழையூற்று · 16 அக்டோபர்

மே மாதம் என்னென்ன நடலாம்? நெப்பந்திஸ், டார்லிங்டோனியா என்ற வேறு இரண்டு குடுவைச் செடிகளின் மேலும் ஆசை.

#12 உப்புமானி · 16 அக்டோபர்

நெப்பந்திஸ் வெளியே கிடையாது. இலங்கையின் டிஸ்டிலேட்டோரியாவாக இருக்கட்டும், மேகாலயாவின் காசியானாவாக இருக்கட்டும், உறைபனி பட்டால் முடிந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளி விருந்தாளி, அவ்வளவுதான். டார்லிங்டோனியா வட கலிபோர்னியா, ஓரிகன் மலையோரச் செடி, ஓடும் குளிர்ந்த நீரில் வேர் வைத்திருப்பது. குளிரைப் பொறுக்கும், இரவும் சூடாக இருக்கும் ஜூலை வாரத்தில் வேர் வெந்துவிடும்.

கவலையில்லாமல் நடக்கூடியவை: பர்ப்யூரியாவின் வட துணையினம், ட்ரோசெரா ரொடண்டிஃபோலியா, இண்டர்மீடியா, உங்களிடம் இருக்கும் ஃபிலிஃபார்மிஸ் (வடக்கு வகையா என்று பாருங்கள், மெக்சிகோ வளைகுடாக் கரையின் ட்ரேசி வகையை உங்கள் குளிரில் நம்ப முடியாது). மூடாக்கோடு: சரசீனியாவில் ஃப்ளாவா, ஓரியோஃபில்லா, இவற்றின் கலப்பினங்கள். ஓரியோஃபில்லா ஆகஸ்ட்டிலேயே குடுவை காய்ந்து வளைந்த தட்டை இலையாக நிற்கும், நோயில்லை. வீனஸும் தரையில் 15 செ.மீ. மூடாக்குக்குக் கீழே தப்பும். அதன் சொந்த ஊர் கரோலினாக் கடற்கரைச் சமவெளி, அங்கேயும் உறைபனி உண்டு. ஆனாலும் நான்கில் ஒன்றைக் கராஜில் வையுங்கள். சரசீனியாவில் சிட்டாசினா, மைனர் வேண்டாம்.

#13 பனிக்கூதல் · 17 அக்டோபர்

வசந்தத்தில கத்தரிக்கோலோட ஓடாதேங்கோ. பச்சையா இருக்கிற குடுவையை வெட்டக் கூடாது, பழுப்பான பகுதியை மட்டும். பர்ப்யூரியா பழைய குடுவையை வைச்சுத்தான் அடுத்த வருசத்துக்குச் சமைக்கும். உயிர் இருக்கோ எண்டு பாக்க கிழங்கை நகத்தால கீறுங்கோ. வெள்ளையா, கெட்டியா இருந்தால் உயிர். பழுப்பா, நசிஞ்சால் அந்தத் துண்டை நல்ல பகுதி வரை வெட்டி எறியுங்கோ, மிச்சம் முளைக்கும். மே 24 வரைக்கும் எதையும் செத்ததெண்டு முடிவு கட்டாதேங்கோ.

புதுத் தளிர் முறுக்கி, கோணலா வந்தால் அசுவினி இல்லாட்டி இலைப்பேன். வீனஸ் எண்டால் சாடியோட மழைத்தண்ணியில ஒண்டரை நாள் முழுசா மூழ்க விடுங்கோ. இளைச்ச வீனஸ் பூந்தண்டு விட்டால் 5 செ.மீ. ஆகேக்கையே வெட்டுங்கோ.

அணில் பாத்தியைக் கிண்டும். நட்ட அண்டைக்கே கோழிக்கூட்டு வலையை மண்ணோட படிய விரிச்சு, செடி வாற இடத்தில வெட்டி விடுங்கோ. பிறகு பாசி அதை மூடிப்போடும்.

#14 தாழையூற்று · 3 டிசம்பர்

எல்லாம் கராஜில். பர்ப்யூரியா குடுவைகளில் நிற்கும் தண்ணீர் கட்டியாக உறைந்துவிட்டது. வெந்நீர் விட்டு இளக்கிக் கொட்டிவிடவா? குடுவை வெடிக்குமா?

#15 சேற்றுக்கால் · 3 டிசம்பர்

தொடாதீர்கள். பர்ப்யூரியாவின் குடுவை அதற்கென்றே ஆனது, வாய் அகன்று பனிக்கட்டிக்கு மேலே போக இடம் விடுகிறது. உறைந்த குடுவையை அழுத்தினால்தான் கண்ணாடி போலக் கீறும்.

மெர் ப்ளூ போன்ற சதுப்புகளில் அந்தக் கட்டிக்குள் வெள்ளைப் புழுக்கள் தெரியும். வையோமியா ஸ்மித்தியை என்ற கொசுவின் புழு, இந்தச் செடியின் குடுவையைத் தவிர வேறெங்கும் வளராது. குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டிக்குள் உறைந்தே கிடந்து, கட்டி இளகியதும் நெளிய ஆரம்பிக்கும். வடக்கே இருக்கும் வகை ஆளைக் கடிப்பதும் இல்லை. உங்கள் தொட்டியில் அது இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள், விழுந்த பூச்சியைச் செடிக்கு அரைத்துக் கொடுக்கும் கூட்டத்தில் அதுவும் ஒரு ஆள்.

#16 தாழையூற்று · 4 டிசம்பர்

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு குடுவையில் ஒரு எறும்பும் பைன் ஊசி ஒன்றும் மட்டும்தான். தொடாமல் விட்டிருக்கிறேன். தெர்மாமீட்டர் மைனஸ் 2 காட்டுகிறது.